பால் சேர்க்காத மூலிகைச் சாக்லேட்: வீட்டில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூலிகைச் சாக்லேட் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். பச்சை இலையின் சாறு, வெல்லத்தின் பிசுபிசுப்பு, கொதிக்கும் பாத்திரத்திலிருந்து எழும் ஆவி என்று அது எந்த வழியிலும் உள்ளே வரும். அதனால் காய்ந்த மூலிகையைக் கொழுப்பில் ஊறவைக்க வேண்டும், பச்சை இலையைத் தேங்காய்ப்பாலில் ஊறவைக்க வேண்டும். இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்ளாதவரை கவலையில்லை. கீழே உள்ள அளவுகள் பெரும்பாலும் எடையில்தான் இருக்கின்றன. கிராம் காட்டும் சமையல் தராசும் டிஜிட்டல் தெர்மாமீட்டரும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

டார்க் சாக்லேட் வாங்கினாலே அது வீகன் (விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராதது) தானே?

இல்லை. டார்க் என்று அட்டையில் போட்ட பலவற்றிலும் பால் கொழுப்பு இருக்கும். பொருள் பட்டியலில் மில்க் சாலிட்ஸ், மில்க் ஃபேட், பட்டர் ஆயில், வே பவுடர் இவற்றில் எது இருந்தாலும் அது வீகன் இல்லை. பச்சைப் புள்ளியை நம்பவும் முடியாது. அது சைவம் என்பதற்கான அடையாளம், நம் ஊர்ச் சைவத்தில் பாலும் தேனும் அடக்கம். வீகன் உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. பச்சை நிறத்தில் ‘வி’ எழுத்தும் அதில் ஒரு சிறு இலையும் உள்ள முத்திரை இருந்தால் நம்பி வாங்கலாம்.

லெசித்தின் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சாக்லேட்டில் சேர்ப்பது பெரும்பாலும் சோயா அல்லது சூரியகாந்தியிலிருந்து எடுத்தது. பளபளவென்று மேல்பூச்சு போட்ட உருண்டைச் சாக்லேட்டுகளில் 904 என்ற எண் இருந்தால் அது அரக்கு, பூச்சியிலிருந்து வருவது. ‘பாலின் தடயம் இருக்கலாம்’ என்று எழுதியிருப்பது ஒரே இயந்திரத்தில் பால் சாக்லேட்டும் ஓடுகிறது என்பதைச் சொல்கிறது. வீகன் உணவு முறைக்காக மட்டும் பார்ப்பவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் விடக்கூடாது.

மளிகைக் கடையில் டார்க் காம்பௌண்ட் மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

காம்பௌண்டில், கோகோ விதையின் கொழுப்பான கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். உருக்கி ஊற்றினால் தானே உறைந்துகொள்ளும், வெப்பநிலை பார்க்கத் தேவையில்லை. குழந்தைகளோடு சேர்ந்து முதல் தடவை செய்ய அது வசதி. ஆனால் வாயில் போட்டதும் கரையாமல் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும். அந்தப் படலம் மூலிகையின் மணத்தையும் அமுக்கிவிடும். மெனக்கெட்டுத் துளசியைக் காயவைத்து, சுக்கை இடித்து, கடைசியில் அதைக் காம்பௌண்டில் கலப்பது உழைப்பை வீணடிப்பதுதான். பொருள் பட்டியலில் கோகோ மாஸ், கோகோ வெண்ணெய், சர்க்கரை மட்டும் (லெசித்தின் இருந்தால் பரவாயில்லை) உள்ள, கோகோ 55 முதல் 65 சதவீதம் இருக்கும் சாக்லேட்டை வாங்குங்கள். 80-க்கு மேல் போனால் கோகோவின் கசப்பு மென்மையான மூலிகைகளை விழுங்கிவிடும்.

எந்த மூலிகையை எதில் ஊறவைப்பது?

மணமும் காரமும் பெரும்பாலும் கொழுப்பில் கரையும். துளசிக்கும் கிராம்புக்கும் மணம் தரும் யூஜினால், கற்பூரவல்லியின் கார்வக்ரால், மிளகின் பைப்பரின், சுக்கின் காரம் எல்லாம் அந்த வகை. ஆகவே காய்ந்த துளசி, சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலக்காய், பட்டை, நீலகிரிப் பக்கம் விளையும் ரோஸ்மேரி ஆகியவற்றைக் கோகோ வெண்ணெயில் தாராளமாக ஊறவைக்கலாம்.

அதிமதுரம் இதற்கு நேர்மாறு. அதன் இனிப்பைத் தரும் கிளைசிரைசின் கொழுப்பில் கரையாது. கோகோ வெண்ணெயில் நாள் முழுக்க ஊறவைத்தாலும் கொஞ்சம் வேர் வாசனைதான் வரும், இனிப்பு வராது. அதைத் தேங்காய்ப்பாலில் கொதிக்க வைக்கலாம், அல்லது சலித்த பொடியாகவே சாக்லேட்டில் சேர்க்கலாம். பொடி வாயில் எச்சிலோடு சேர்ந்ததும் இனிப்பு தானே வெளிவரும்.

எலுமிச்சைப்புல், பச்சைத் துளசி, பச்சைப் புதினா, இஞ்சி ஆகியவை தேங்காய்ப்பாலுக்குத்தான். கற்பூரவல்லி இலை முக்கால்வாசி நீர்தான். சதைப்பற்றுள்ள அந்த இலையை வீட்டில் முழுதாக உலர்த்துவதும் பாடு. அதனால் அதையும் தேங்காய்ப்பாலில் போடுங்கள், ஆனால் மூன்று நான்கு இலைக்கு மேல் வேண்டாம். கூடினால் சாக்லேட் சளி மருந்தாகிவிடும்.

கோகோ வெண்ணெயில் ஊறவைக்கும் முறை?

கோகோ வெண்ணெய் 100 கிராம், காய்ந்த மூலிகை 8 முதல் 10 கிராம். காய்ந்தது என்றால் விரலிடையில் நசுக்கினால் இலை நொறுங்க வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நிழலில் நான்கைந்து நாள் உலர்த்தி, அடை மழைக்காலமாக இருந்தால் 50 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். சுக்கு, மிளகு, பட்டையை ஒன்றிரண்டாக இடித்தால் போதும். மாவாக அரைத்தால் வடிகட்ட முடியாது.

உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் இரண்டையும் போட்டு இறுக்கி மூடி, 55 டிகிரி வெந்நீரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். நீர் ஆறினால் மாற்றுங்கள், அடுப்பில் கொதிக்கவிட வேண்டாம். அவ்வப்போது பாட்டிலைக் குலுக்கி, கடைசியில் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, ஈரமில்லாத மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இலை கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால் 85 முதல் 90 கிராம் தேறும். கோகோ வெண்ணெயில் வாசனை நீக்கியது, நீக்காதது என்று இரண்டு உண்டு. துளசி, ஏலக்காய்க்கு வாசனை நீக்கியதே நல்லது. மிளகு, பட்டைக்கு எதுவானாலும் சரி.

பச்சை இலையையோ பச்சை இஞ்சியையோ எண்ணெயில் போட்டு அலமாரியில் நாள்கணக்கில் வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் ஈரம் இருந்தால் பாட்டுலிசம் என்னும் கடும் நச்சுணவு நோயை உண்டாக்கும் கிருமி வளர இடம் உண்டு. நிறமோ வாசனையோ மாறாமலே அது இருக்கலாம்.

இதை வைத்துப் பளபளப்பான சாக்லேட் பார் செய்வது எப்படி?

300 கிராம் சாக்லேட்டுக்கு ஊறிய கோகோ வெண்ணெய் 30 கிராம் என்பது நல்ல கணக்கு.

சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி 200 கிராம் ஒரு கிண்ணத்திலும் 100 கிராம் தனியாகவும் வையுங்கள். 200 கிராமோடு கோகோ வெண்ணெயைச் சேர்த்து, கீழே லேசாகக் கொதிக்கும் நீருள்ள பாத்திரத்தின் மேல் வைத்து 45 முதல் 48 டிகிரி வரை உருக்குங்கள். கிண்ணம் பாத்திரத்தின் வாயைவிட அகலமாக இருக்கட்டும், அப்போதுதான் ஆவி ஓரம் வழியாக உள்ளே வராது. கிண்ணத்தின் அடி நீரைத் தொடக் கூடாது. இறக்கியதும் அடியைத் துடையுங்கள். அங்கே தொங்கும் நான்கு சொட்டு நீர்தான் ஊற்றும்போது மோல்டில் (அச்சில்) விழும்.

பிறகு தனியாக வைத்த 100 கிராமைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கிளறுங்கள். 31, 32 டிகிரிக்கு வரும்வரை நிறுத்தாமல் கிளற வேண்டும், 15 நிமிடம் ஆகலாம். கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அதில் ஒன்றுதான் பளபளப்பும் உடைக்கும்போது ‘டக்’ என்ற சத்தமும் தரும். உருகாத துண்டுகளில் அந்தப் படிகம் ஏற்கெனவே இருக்கிறது, தயிருக்கு உறை ஊற்றுவது போல அது மற்றதையும் தன் வழிக்கு இழுக்கும். இதற்கு டெம்பரிங் என்று பெயர். கரையாத துண்டு மிஞ்சினால் எடுத்துவிடுங்கள்.

கத்தி முனையைத் தோய்த்து வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வரி இல்லாமல் பளபளவென்று உறைந்தால் சரியாக வந்திருக்கிறது. உறையாவிட்டால் மோல்டில் ஊற்றிப் பயனில்லை, இன்னும் கொஞ்சம் நறுக்கிய சாக்லேட் போட்டுக் கிளறுங்கள். மோல்டில் எண்ணெய் தடவக் கூடாது, பஞ்சால் துடைத்தால் போதும். ஊற்றியபின் மேசையில் தட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். சிலிகான் மோல்டு மூலிகை வாசனையைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த மாதம் செய்யும் ரோஜா சாக்லேட்டில் மிளகு மணக்கும். கடினமான பாலிகார்பனேட் மோல்டுக்கு அந்தத் தொல்லை குறைவு.

தெர்மாமீட்டர் இல்லாமல் முடியாதா?

முடியும், ஆனால் சூதாட்டம். உதட்டுக்குக் கீழே ஒரு துளி வைத்துப் பார்த்தால் 31, 32 டிகிரி லேசான குளிர்ச்சியாகத் தெரியும். சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை என்று பட்டால் இன்னும் ஆற வேண்டும்.

உருக்கும்போது திடீரென்று கட்டிதட்டி மண்ணு மாதிரி ஆகிவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் சாக்லேட்டில் உள்ள சர்க்கரைத் துகள்கள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதுதான் கட்டி. ஈரக் கரண்டி, கழுவித் துடைக்காத மோல்டு, சரியாகக் காயாத இலை என்று யோசித்தால் காரணம் கிடைத்துவிடும். பாராக இனி அது தேறாது. ஆனால் கொஞ்சம் நீர் கெடுத்ததை நிறைய நீர் சரிசெய்யும்: 50 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி கணக்கில் சூடான தேங்காய்ப்பாலோ வெந்நீரோ ஊற்றிக் கிளறினால் வழவழப்பான சாஸ் ஆகிவிடும். வாழைப்பழத்தின் மேல் ஊற்றியோ, டிரஃபிளாக (மெத்தென்ற சாக்லேட் உருண்டையாக) உருட்டியோ சாப்பிடலாம்.

நீரே படாமல் கெட்டிப்பட்டு, அடிப்பிடித்த வாசனையும் வந்தால் அது தீய்ந்துவிட்டது. அதற்கு வைத்தியம் கிடையாது. மைக்ரோவேவில் உருக்குபவர்களுக்கு அடிக்கடி நேர்வது இதுதான். பாதிச் சக்தியில் 30 விநாடி ஓட்டி, எடுத்துக் கிளறி, மறுபடி வைப்பதே முறை.

பச்சைத் துளசியில் டிரஃபிள் செய்ய அளவு என்ன?

சாக்லேட் 250 கிராம், கெட்டியான முதல் தேங்காய்ப்பால் 150 கிராம், துளசி இலை 12 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. கருந்துளசிக்குக் காரமான மணம், வெண்துளசி சாது. சாக்லேட்டோடு மல்லுக்கு நிற்கக் கருந்துளசிதான் சரி.

துளசியைக் கழுவி, துணியில் ஒற்றி, கையால் கிள்ளி வையுங்கள். தேங்காய்ப்பாலை ஓரத்தில் சிறு குமிழி வரும்வரை சூடாக்கி (80 டிகிரிக்கு அருகில்) அடுப்பை அணைத்து, இலையைப் போட்டு 15 நிமிடம் மூடிவையுங்கள். தளதளவென்று கொதித்தால் வீட்டில் பிழிந்த பால் திரிந்துவிடும். அரை மணிக்கு மேல் ஊறினால் இலையின் துவர்ப்பும் இறங்கும். வடிகட்டி மெல்ல அழுத்திப் பிழிந்தபின் மறுபடி எடை பாருங்கள். 120 கிராம் வேண்டும், குறைந்தால் சாதாரண தேங்காய்ப்பாலால் நிரப்புங்கள். இந்த ஒரு படியைத் தவிர்ப்பதால்தான் பலருக்கு ஒரு தடவை கல்லாகவும் அடுத்த தடவை கூழாகவும் வருகிறது.

பாலை மீண்டும் ஆவி பறக்கச் சூடாக்கி நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவில் சிறு வட்டமாகக் கிளறத் தொடங்கி, மெல்ல வெளிப்பக்கம் போங்கள். உப்புச் சேர்த்து மூடி, ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம். பின் 12 கிராம் உருண்டைகளாக உருட்டினால் 30 வரும். உள்ளங்கைச் சூட்டில் உருகும் என்பதால் கையைக் குளிர்ந்த நீரில் காட்டி, நன்றாகத் துடைத்துவிட்டு உருட்டுங்கள். புரட்டி எடுக்க, கோகோ பவுடர் 20 கிராமோடு சலித்த சுக்குத்தூள் 2 கிராம்.

டப்பாவில் வரும் தேங்காய்ப்பாலும் ஆகும், எளிதில் திரியாது. ஆனால் மணத்தில் வீட்டில் பிழிந்ததுக்கு ஈடாகாது.

கிளறும்போது எண்ணெய் பிரிந்து மிதக்கிறதே?

கொழுப்பு அதிகம், நீர் போதவில்லை என்று அர்த்தம். தேங்காய்ப்பால் அளவுக்கு மேல் கெட்டியாக இருந்தாலும், சாக்லேட்டில் கோகோ சதவீதம் கூடினாலும் இப்படி ஆகும். கலவையை 35 முதல் 40 டிகிரிக்குக் கொண்டுவந்து, வெதுவெதுப்பான இரண்டாம் பாலை ஒவ்வொரு தேக்கரண்டியாக விட்டுக் கிளறுங்கள். இரண்டு மூன்று கரண்டியில் சேர்ந்துவிடும்.

புதினா போட்டேன், சட்னி வாசனைதான் வருகிறது. ஏன்?

நம் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் புதினா, சாக்லேட்டில் ‘ஜில்’ என்று இழுக்கும் அந்தப் புதினா இல்லை. குளிர்ச்சியைத் தருவது மெந்தால், அது பெப்பர்மின்டில் நிறைய உண்டு. நம் புதினாவின் மணம் கார்வோனால் வருவது, அதில் மெந்தால் மிகக் குறைவு. குளிர்ச்சிதான் வேண்டுமென்றால் காய்ந்த பெப்பர்மின்ட் இலையைக் கோகோ வெண்ணெயில் ஊறவையுங்கள். அல்லது உணவுக்குரியது என்று தெளிவாக எழுதிய பெப்பர்மின்ட் எண்ணெயை 100 கிராம் சாக்லேட்டுக்கு ஒரே ஒரு துளி விடுங்கள். பூசும் தைலம், வாசனை விளக்குக்கான எண்ணெய் இவற்றைத் தொடவே கூடாது. நம் புதினாவையே போடுவதானால் எலுமிச்சைத் தோல் துருவலோடு தேங்காய்ப்பாலில் ஊறவைத்துப் பாருங்கள், சட்னி ஞாபகம் விலகும்.

ஊறவைக்காமல் பொடியை நேரே கலக்கலாமா?

கலக்கலாம், வேர்களுக்கும் விதைகளுக்கும் அதுவே எளிது. இலைப்பொடி மட்டும் வாயில் தூசி போல ஒட்டும். 100 கிராம் சாக்லேட்டுக்குச் சுக்குத்தூள் 1 கிராம், அதிமதுரம் 1 கிராம், பட்டை முக்கால் கிராம், ஏலக்காயும் மிளகும் அரை அரை கிராம், திப்பிலி கால் கிராம். இவற்றில் இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொன்றையும் பாதியாக்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் முழுதாக வாங்கி வீட்டில் அரைத்து, மிக மெல்லிய சல்லடையில் இரண்டு முறை சலிக்க வேண்டும். டெம்பரிங் முடிந்தபின் கடைசியாகக் கலந்தால் மணம் நிற்கும். காரம் அடுத்த நாள் இன்னும் தெளிவாகத் தெரியும், அதனால் ருசி பார்த்துக்கொண்டே கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மேலே தூவ ரோஜா இதழ் வேண்டுமானால் மருந்து தெளிக்காமல் வளர்த்த பன்னீர் ரோஜாவை உலர்த்திப் பயன்படுத்துங்கள். பூக்கடை ரோஜா மாலைக்கு மட்டும்.

கோகோ பவுடரும் கோகோ வெண்ணெயும் வைத்து முதலிலிருந்தே செய்தால்? வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி?

கோகோ வெண்ணெய் 100 கிராம், கோகோ பவுடர் 70 கிராம், பொடித்த இனிப்பு 60 கிராம் என்று கலந்து டெம்பர் செய்யலாம். மூலிகை ஊறிய வெண்ணெயையே முழுதும் போடுவதானால் ஊறவைக்கும் இலையை மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள். இந்த முறையில் உறையாகும் உருகாத துண்டுகளாக, கடையில் வாங்கிய சாக்லேட் 50 கிராமைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

கருப்பட்டியும் வெல்லமும் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பவை, கலந்த நிமிடமே கட்டிதட்டும். பனையின் சுவை வேண்டுமென்றால் பனங்கற்கண்டைப் பொடியுங்கள். அது படிகமாக உறைந்தது என்பதால் ஈரம் குறைவு. உலர்ந்த மிக்ஸி ஜாரில் அரைத்து உடனே சலித்துப் பயன்படுத்த வேண்டும், திறந்து வைத்தால் அரை மணியில் நமத்துவிடும். பேரீச்சைப் பாகு, மேப்பிள் பாகு எல்லாம் நீர் கலந்தவை, டிரஃபிளுக்கு மட்டும் சரி.

எப்படிச் செய்தாலும் சற்றே நறநறவென்றுதான் இருக்கும். மிக்ஸி அரைப்பது கடைச் சாக்லேட்டின் நைசுக்கு வராது, அதற்குக் கல் இயந்திரத்தில் ஒரு நாளுக்கு மேல் அரைபட வேண்டும். உலகெங்கும் சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் பலர் வைத்திருக்கும் அந்த மேசை இயந்திரம் கோயம்புத்தூர் வெட் கிரைண்டரின் வழிவந்ததுதான். அதற்காக வீட்டில் இட்லிக்கு அரைக்கும் கிரைண்டரில் கோகோவைப் போட வேண்டாம். ஒரு நாள் முழுக்க ஓடும் சூட்டைத் தாங்கும்படி அதைச் செய்யவில்லை.

கோகோ வெண்ணெய் விலை அதிகம். தேங்காய் எண்ணெயில் ஊறவைத்தால் என்ன?

ஊறும், ஆனால் பார் உறுதியாக நிற்காது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகும். அதோடு கோகோ வெண்ணெயுடன் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று இளக்கிவிடும். 100 கிராம் சாக்லேட்டுக்கு 3 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே சாப்பிடும் துண்டுகளுக்கு 10 கிராம் வரை போகலாம்.

சென்னை மே மாதத்தில் செய்யவே முடியாதா?

அறை 24 டிகிரிக்கு மேல் இருந்தால் டெம்பர் செய்த சாக்லேட் ஒழுங்காக உறையாது. விடியற்காலையில் ஏ.சி. அறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றியபின் ஓரங்கள் மங்கத் தொடங்கியதும் 10 நிமிடம் மட்டும் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள், ராத்திரி முழுக்க வைப்பதற்கு இல்லை. இல்லையென்றால் கோடையில் டிரஃபிள், மார்கழியில் பார் என்று வைத்துக்கொள்வதே நிம்மதி.

மேலே வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. பூஞ்சையா?

பாராக இருந்தால் பெரும்பாலும் இல்லை. விரலால் தேய்த்ததும் மறைந்து வழவழத்தால் கொழுப்பு மேலே வந்து பூத்திருக்கிறது. டெம்பரிங் தவறியிருக்கும், அல்லது சூட்டில் இளகி மறுபடி உறைந்திருக்கும். சொரசொரப்பாக இருந்து ஒரு சொட்டு நீரில் கரைந்தால் அது சர்க்கரைப் பூப்பு. குளிர்ந்த சாக்லேட்டை வெளியே எடுத்ததும் திறந்தால் காற்றின் ஈரம் அதில் படிந்து சர்க்கரையைக் கரைத்துவிடும். டப்பாவை மூடியபடியே ஒரு மணி நேரம் வெளியே வைத்த பிறகு திறவுங்கள். இரண்டு வகையையும் சாப்பிடலாம். ஆனால் டிரஃபிளில் பஞ்சு போலப் படர்ந்தால் அது பூஞ்சையேதான், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

எத்தனை நாள் இருக்கும்?

காய்ந்த மூலிகையில் செய்த பார், காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ந்த இடத்தில் இரண்டு மாதம். அதற்குப் பிறகும் கெடாது, மணம்தான் மங்கும். தேங்காய்ப்பால் டிரஃபிள் ஃபிரிட்ஜில் நான்கு நாள், ஃப்ரீசரில் ஒரு மாதம். பச்சை இலையை அலங்காரத்துக்கு வைப்பதானால் பரிமாறும் நேரத்தில் வையுங்கள்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது?

அதிமதுரம் இரத்த அழுத்தத்தைக் கூட்டும், உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். இரத்த அழுத்தமோ இதய, சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது சேர்த்ததைத் தவிர்த்துவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் துளசி, சுக்கு சேர்த்ததை அடிக்கடி சாப்பிடுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். பாயசத்தில் போடுகிறோமே என்று பச்சைக் கற்பூரத்தை இதில் சேர்க்கச் சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். கற்பூரம் சிறு அளவிலேயே குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கக்கூடியது, உருண்டைகளில் அது சமமாகக் கலந்ததா என்று பார்க்க வழியும் இல்லை. வீட்டில் நாய் இருந்தால் கிண்ணத்தை எட்டாத உயரத்தில் வையுங்கள். கோகோவின் தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு, டார்க் சாக்லேட்டில் அது பால் சாக்லேட்டைவிட அதிகம்.